கைமாறிய கடவுச்சொல்

தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் மின்னஞ்சல் வீடுகளுக்குள் நுழைவதற்கு முன்பே கடைத்தெருவில் பழக்கமாகிவிட்டது என்பதைக் கருத்தில் கொள்ளாமல், அங்கே கணக்குகள் களவுபோன விதத்தையோ கடவுச்சொற்கள் காக்கப்படாமற்போன காரணத்தையோ விளங்கிக்கொள்ள இயலாது. விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது; அடுத்த ஆண்டு சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில், சொந்தக் கணினி இல்லாதவரும் எந்தக் கணினியிலிருந்தும் கட்டணமின்றி அஞ்சல் பார்க்க வழிசெய்தது. இவ்விரண்டின் பயனும் சேர்ந்து கிடைத்த இடம் ‘பிரவுசிங் சென்டர்’ என்று அழைக்கப்பட்ட கடை. பலகைத் தடுப்புகளுக்கிடையே கணினிகளை வரிசையாக வைத்து மணிக்கணக்கில் வாடகை வாங்கிய அக்கடைகளில்தான், தேர்வு முடிவு பார்க்க வந்த மாணவர்களும் வளைகுடா நாடுகளில் வேலைபார்த்தவர்களின் குடும்பத்தாரும் தங்கள் முதல் மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கினர்.

கடவுச்சொல் என்பது, ஒரு கணக்குக்கு உரியவர் தாமே என்று ஒருவர் கணினிக்கு மெய்ப்பித்துக் காட்டும் இரகசியக் குறியாகும். பலர் பகிர்ந்துகொண்ட ஒரு கணினியில்தான் அதுவும் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் உருவான நேரப்பகிர்வு அமைப்பில், ஒவ்வொருவருடைய கோப்புகளையும் தனித்தனியே காப்பதற்காக அது பயன்படுத்தப்பட்டது. ஆனால் 1962ஆம் ஆண்டிலேயே, தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பு முழுவதையும் அச்சிட்டு எடுத்துவிட்டார். இரகசியத்தைக் காக்கவேண்டிய இடமே அதைப் பறிகொடுக்கும் இடமாகவும் அமைந்துவிடும் என்ற இந்த உண்மை, பல பத்தாண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டுப் பிரவுசிங் சென்டர்களில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது.

அங்கே கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் பெரும்பாலும் கடையில் அமர்ந்திருந்த இளைஞரே. பெயரைக் கேட்டு, பிறந்த தேதியைக் கேட்டு, கடவுச்சொல்லையும் அவரே அமைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது அன்றைய நடைமுறை. வாடிக்கையாளர் மறந்துவிட்டால் மறுபடி சொல்வதற்காக அவர் தம்மிடமும் ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டார். இதில் வஞ்சகம் ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது. மணியார்டர் படிவத்தை அஞ்சலகத்தில் பிறர் நிரப்பித் தருவதைப் போன்ற ஓர் உதவியாகவே இரு தரப்பினரும் அதைக் கருதினர்.

பாளையங்கோட்டையில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் கணக்கும் இவ்வாறே தொடங்கப்பட்டது. நாட்டார் கதைப்பாடல்களைத் தொகுத்துவந்த அவருக்கு யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் ஜெர்மனியிலும் இருந்த ஆய்வாளர்களோடு கடிதத் தொடர்பு இருந்தது. அக்கடிதங்கள் படிப்படியாக மின்னஞ்சலுக்கு மாறின. தட்டச்சு அறியாத அவர், கடிதங்களைத் தாளில் எழுதிக் கடைக்கு எடுத்துச்செல்ல, கடைக்காரத் தம்பி அவற்றைத் தட்டச்சு செய்து அவருடைய கணக்கிலிருந்தே அனுப்பிவைத்தார். ஆகவே கடவுச்சொல் அத்தம்பிக்குத் தெரிந்திருந்தது. விடுமுறையில் வரும் பேரனுக்குத் தெரிந்திருந்தது. கட்டுரைகளை இறக்கித்தரும் முன்னாள் மாணவர்கள் சிலருக்கும் தெரிந்திருந்தது. அம்மாணவர்களுள் ஒருவரான இக்கட்டுரையாசிரியரின் நினைவில், பேராசிரியருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடைவெளியின்றிச் சேர்ந்த அந்தக் கடவுச்சொல் இன்றும் மாறாமல் இருக்கிறது. அது எத்தனை பேரிடம் கைமாறியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், அஞ்சல் சேவையை நடத்தும் நிறுவனமே அனுப்பியது போன்ற தோற்றத்துடன் ஒரு வகைக் கடிதம் பரவலாக வந்துகொண்டிருந்தது. அஞ்சற்பெட்டி நிரம்பிவிட்டது என்றும், பெயர், கடவுச்சொல், பிறந்த தேதி ஆகியவற்றை உடனே பதிலாக அனுப்பாவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்றும் அது எச்சரித்தது. நம்பத்தக்க ஒருவரைப்போல் வேடமிட்டு இரகசியத்தைக் கேட்டு வாங்கும் இம்முறை ‘ஃபிஷிங்’ எனப்படுகிறது; தமிழில் தூண்டில் மின்னஞ்சல் என்று குறிப்பிடுவர். பேராசிரியர் அக்கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் எழுதிக் கொடுத்தார். கடைத்தம்பி அதை ஒழுங்காகத் தட்டச்சு செய்து அனுப்பினார். இருவருக்கும் ஐயம் எழவில்லை. உதவி செய்பவர் கேட்டால் கடவுச்சொல்லைச் சொல்லவேண்டும் என்பதே அக்கணக்கு தொடங்கிய நாளிலிருந்து இருவரும் அறிந்திருந்த ஒரே விதி. கேட்டவர் இம்முறை முகம் தெரியாதவர் என்பது மட்டுமே வேறுபாடு.

சில நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, நீங்கள் லண்டனில் இருக்கிறீங்களோ?” என்று பதற்றத்துடன் கேட்டபோதுதான் நடந்தது தெரியவந்தது. பேராசிரியரின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும், தாம் லண்டனில் வழிப்பறிக்கு ஆளானதாகவும், பணமும் கைப்பேசியும் பறிபோய்விட்டதாகவும், விடுதிக் கட்டணத்தைச் செலுத்த உடனடியாகப் பணம் அனுப்ப வேண்டும் என்றும் அவர் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் சென்றிருந்தது. உலகெங்கும் அக்காலத்தில் பல்லாயிரம் கணக்குகளிலிருந்து ஏறத்தாழ இதே வாசகங்களுடன் கடிதங்கள் சென்றன. பெயர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

அக்கடிதத்தை யார் நம்பினர், யார் நம்பவில்லை என்பது கருதத்தக்கது. பேராசிரியரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது என்பதை அறிந்திருந்த உறவினரும், மாணவர்களுக்கு அவர் ஒருபோதும் ஆங்கிலத்தில் எழுதமாட்டார் என்பதை அறிந்திருந்த மாணவர்களும் கடிதத்தைக் கண்டதுமே பொய் என்று தெளிந்தனர். அவரை முற்றிலும் அறியாதவர்களோ அதைப் பொருட்படுத்தவே இல்லை. எழுத்தின் வழியாக மட்டும் அவரை அறிந்து, அவர்மீது மதிப்புக் கொண்டிருந்த அயல்நாட்டு அறிஞர்களே பணம் அனுப்ப முனைந்தனர். நெருக்கத்துக்கும் அந்நியத்துக்கும் இடைப்பட்ட இவ்வட்டத்தைக் குறிவைத்தே இத்தகைய மோசடிகள் நடத்தப்படுகின்றன. அனுப்புமுன் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டுக்கொள்வோம் என்று எண்ணியவரால்தான் அன்று பணம் காப்பாற்றப்பட்டது. வந்த வழியிலேயே திரும்பக் கேட்காமல், வேறொரு வழியில் உரியவரிடமே கேட்டு உறுதிசெய்வது என்ற அந்த எளிய செயலுக்கு நிகரான பாதுகாப்பு இன்றுவரை வேறில்லை.

கணக்கை மீட்கும் முயற்சி, கடவுச்சொல் இனிச் செல்லாது என்ற நிலையிலிருந்து தொடங்கியது. திருடியவர் அதை மாற்றியிருந்ததோடு, கடவுச்சொல் மறந்தவருக்கு உதவுவதற்காகப் பதியப்படும் மாற்று முகவரியான மீட்பு முகவரியையும் மாற்றியிருந்தார். எஞ்சியிருந்தது, கணக்கு தம்முடையதே என்று உரியவர் மெய்ப்பிப்பதற்கான விண்ணப்பப் படிவம் ஒன்றே. கணக்கு எந்த மாதத்தில் தொடங்கப்பட்டது, முன்பிருந்த கடவுச்சொல் என்ன, அடிக்கடி எழுதப்படும் முகவரிகள் யாவை என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. அவற்றுக்கு விடை தந்தது பேராசிரியரின் நாட்குறிப்பு. எந்த நாளில் யாருக்குக் கடிதம் சென்றது, எந்த முகவரிக்குச் சென்றது என்று அஞ்சலட்டைக் காலத்துப் பழக்கப்படி அவர் தம் கைப்பட எழுதிவைத்திருந்தார். கணினிக்குள் இருந்தவை அனைத்தும் பிறர் கைக்குப் போனபின், கணினிக்கு வெளியே இருந்த அந்தக் குறிப்புகளே உரிமைச் சான்றாகி, கணக்கு திரும்பக் கிடைத்தது.

கிடைத்தபின்னும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பது இவ்வனுபவத்தின் மிகப் பயனுள்ள பாடம். முகவரிப் பட்டியல் முழுவதும் அழிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை அனுப்ப முடியாதபடி தடுப்பதற்காகவே அவ்வாறு செய்வர். கடவுச்சொல்லை மாற்றியபின்பும், நண்பர்கள் அனுப்பிய பதில்கள் அஞ்சற்பெட்டிக்கு வந்துசேரவில்லை. காரணத்தைத் தேடியபோது, வரும் கடிதங்களைத் தரம்பிரித்து ஒதுக்கும் விதிகளான வடிகட்டிகளில் ஒன்று, அவற்றை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டு இங்கே குப்பைப் பெட்டியில் சேர்ப்பதாக அமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அம்முகவரி, பேராசிரியரின் முகவரியிலிருந்து ஓர் எழுத்து மட்டுமே வேறுபட்டிருந்ததால், கண்பார்வை மங்கிய அவருக்கு அது தம் முகவரியாகவே தோன்றியது. ஆகையால், களவுபோன கணக்கை மீட்டவர் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடாமல், மீட்பு முகவரியும் மீட்பு எண்ணும் யாருடையவை, அஞ்சல் எங்கேனும் திருப்பிவிடப்படுகிறதா, வடிகட்டிகளில் புதியது ஏதும் உண்டா, பதில் முகவரியாக எது குறிக்கப்பட்டுள்ளது, கணக்கை அணுக எந்தச் செயலிகளுக்கு அனுமதி தரப்பட்டுள்ளது என்பவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றிய பின்னரே மீட்பு முழுமையடையும். கடவுச்சொல்லைப் புதிதாக அமைப்பதையும், களவுநிரல் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த கணினியிலேயே செய்ய வேண்டும். விசைப்பலகையில் தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தையும் மறைவாகப் பதிந்து அனுப்பும் ‘கீலாகர்’ என்ற நிரல் இருக்குமானால், புதிய சொல்லும் அக்கணமே பழைய சொல்லின் வழியில் போய்விடும்.

அக்காலக் கணக்குகளில் இருந்த இன்னொரு வலுவற்ற வாயில், பாதுகாப்பு வினா. கடவுச்சொல்லை மறந்தவர், தாம் முன்பே பதிந்துவைத்த தனிப்பட்ட செய்தி ஒன்றைச் சொல்லிக் கணக்கைத் திறக்கலாம் என்ற ஏற்பாடு அது. பிறந்த ஊர், படித்த பள்ளி, திருமணத்துக்கு முன் தாய்க்கு இருந்த குடும்பப்பெயர் ஆகியன வழக்கமான வினாக்கள். குடும்பப்பெயர் வழக்கமில்லாத தமிழர் பலரும் அக்கட்டத்தில் தாயின் பெயரையே நிரப்பினர். தாயின் பெயரோ திருமண அழைப்பிதழிலும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் அச்சாகி ஊரெங்கும் கிடப்பது; பிறந்த ஊரும் படித்த பள்ளியும் பேராசிரியர் எழுதிய நூல்களின் பின்னட்டையிலேயே இருந்தன. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாகூ கணக்கை ஒரு மாணவர் திறந்ததும் இவ்வழியில்தான். பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டெண், கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய மூன்றும் பொதுவெளியில் தேடிக் கிடைக்கக்கூடியனவாக இருந்தன. பலர் அறிந்த செய்தி இரகசியமாக இருக்கவியலாது. இன்றும் எங்கேனும் அத்தகைய வினா கேட்கப்பட்டால், உண்மை விடையைத் தவிர்த்து, பொருளற்ற வேறொரு விடையைப் பதிந்து குறித்துவைப்பதே நன்று.

கணக்குக்கு உரியவரிடம் எப்பிழையும் இல்லாதபோதும் கடவுச்சொல் வெளியேறக்கூடும். நல்ல நிறுவனங்கள் கடவுச்சொல்லை உள்ளவாறே சேமிப்பதில்லை. ‘ஹேஷ்’ என்ற ஒருவழிக் கணக்கீட்டின் மூலம் அதை அடையாளம் தெரியாத எண்வரிசையாக மாற்றி, அந்த வரிசையை மட்டுமே வைத்துக்கொள்கின்றன. ஒரே கடவுச்சொல்லைக் கொண்ட இருவருக்கு ஒரே வரிசை அமைந்துவிடாதபடி, ஒவ்வொருவருக்கும் வேறுபட்ட எழுத்துகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறையை ‘உப்பிடுதல்’ என்பர். ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அது விளக்கப்பட்டிருந்தது. இருந்தும் 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து வெளியேறிய 3.2 கோடிக் கடவுச்சொற்கள் எவ்வித மறைப்பும் இன்றிச் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றில் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பது. 2012இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து போன தொகுதி உப்பிடப்படாதது. யாகூவில் 2013இல் நிகழ்ந்த களவு 300 கோடிக் கணக்குகளைத் தொட்டது என்பது 2017இல்தான் வெளிவந்தது. இவ்வாறு வெளியான சொற்களைத் திருடர் பிற தளங்களிலும் தானியங்கி முறையில் இட்டுப் பார்ப்பர். எனவே ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துபவரின் பாதுகாப்பு, அவ்விடங்களுள் மிக அலட்சியமானது எதுவோ அதன் அளவுக்கே இருக்கும். ஒரு முகவரி எந்தக் களவுகளில் வெளியேறியுள்ளது என்பதை, ஆஸ்திரேலியரான டிராய் ஹண்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

மீட்புக்குப் பிறகு புதிய கடவுச்சொல்லை அமைக்கும் நேரத்தில், திருக்குறள் ஒன்றின் முதற்சீர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர் கருதினார். மறக்காது என்பது அவர் வாதம். ஆனால் குறள்கள் 1,330 மட்டுமே. அத்தனையையும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளோடு இட்டுப் பார்க்கக் கணினிக்கு ஒரு நொடியும் வேண்டியதில்லை. எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் அமையும் கோவைகள் 20,882 கோடிக்குமேல் வந்தாலும், விரைவான ஹேஷ் முறையால் காக்கப்பட்ட கோப்பு கையில் சிக்கினால், நொடிக்குப் பல நூறு கோடி முறை முயலும் இன்றைய வரைகலைச் செயலி அவற்றைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடும். கடவுச்சொல்லின் வலிமை நீளத்தையும் தற்செயல் தேர்வையும் பொறுத்தது. ஆர்னால்டு ரெயின்ஹோல்டு 1995இல் வகுத்த முறையில், பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல் எடுக்கப்படும். அவ்வாறு ஐந்து சொற்களை எடுத்தால் வாய்ப்புகளின் எண்ணிக்கை இருபது இலக்கங்களுக்கு வளர்கிறது. உழக்கு, தண்டவாளம், பீங்கான், மேற்கு, நாவல் என்று தற்செயலாக எடுத்த தொடர்பற்ற தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தாலும் இதே பயன் கிடைக்கும். பழமொழியும் பாட்டும் எவ்வளவு நீண்டாலும் கிடைக்காது. பேராசிரியர் இறுதியில் தம் வீட்டு அகராதியைக் கண்ணை மூடித் திறந்து சொற்களைத் தேர்ந்தெடுத்து, தாளில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொண்டார். அது தவறன்று, வேற்றுநாட்டில் அமர்ந்திருக்கும் திருடனால் பாளையங்கோட்டைப் பீரோவைத் திறக்க முடியாது. கணக்குகள் பெருகியவர்களுக்கு, எல்லாவற்றையும் மறைகுறியாக்கிச் சேமித்து ஒரே முதன்மைக் கடவுச்சொல்லால் திறக்கும் கடவுச்சொல் மேலாளர் என்ற மென்பொருள் அதே பணியைச் செய்கிறது.

குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை கடவுச்சொல்லை மாற்றியே ஆகவேண்டும் என்று அலுவலகங்கள் வற்புறுத்திவந்தது, பழைய சொல்லின் இறுதியில் ஓர் எண்ணைக் கூட்டிவிடும் வழக்கத்தையே வளர்த்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அந்த வற்புறுத்தலைக் கைவிடுமாறும், களவுக்கான சான்று இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுமாறும், முன்பே வெளியான கடவுச்சொற்களை ஏற்க மறுக்குமாறும் கூறியது. அதனினும் பெரிய மாற்றம் இருபடிச் சரிபார்ப்பு. அறிந்திருக்கும் ஒன்றான கடவுச்சொல்லோடு, கையில் வைத்திருக்கும் ஒன்றான கைப்பேசியையும் சேர்த்துக் கேட்கும் இம்முறையை கூகுள் 2011இல் எல்லாப் பயனர்களுக்கும் வழங்கியது. குறுஞ்செய்தியாக வரும் ஓடிபி எண்ணைவிட, கைப்பேசிக்குள்ளேயே 30 நொடிகளுக்கு ஒருமுறை புது எண்ணை ஆக்கித்தரும் செயலி மேலானது. ஏனெனில் கைப்பேசி நிறுவனத்தை ஏமாற்றிப் பிறருடைய எண்ணைத் தம் சிம் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி அதைத் தொடாது. 2022க்குப் பின் பரவிவரும் ‘பாஸ்கீ’ முறையில், கருவிக்குள் இருக்கும் மறைகுறித் திறவுகோல் உரிய தளத்துக்கு மட்டுமே விடையளிக்கும் என்பதால், போலித் தளத்தில் தட்டச்சு செய்து பறிகொடுப்பதற்கு எந்தச் சொல்லும் இல்லை.

பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த 66சி பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறைத்தண்டனைக்கும் ஓர் இலட்சம் ரூபாய்வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். பணம் பறிபோயிருந்தால் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைப்பதும், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவுசெய்வதும் இன்று இந்தியாவில் உள்ள வழிகள். பேராசிரியரின் காலத்தில் இவ்வெண் இல்லை.

பிரவுசிங் சென்டர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் முதியவரின் கைப்பேசியை வாங்கித் தாமே கணக்கைத் திறந்து, தாமே ஓடிபி எண்ணைப் படித்து, தாமே கடவுச்சொல்லை அமைத்துத் தரும் பேரன்களும் மருமகள்களும் அலுவலகத் தம்பிகளும் அக்கடைக்காரரின் இடத்தில் இருக்கின்றனர். அவர்களுடைய அன்பில் குறையில்லை. கேட்டவருக்குக் கொடுத்துவிடும் பழக்கத்தை அவர்கள் அறியாமலே கற்பிக்கின்றனர், அப்பழக்கத்தையே நாளை வங்கியின் பெயரால் அழைப்பவர் அறுவடை செய்கிறார். வீட்டிலுள்ள பெரியவருக்கு உதவுபவர், எவ்வளவு நேரமானாலும் கடவுச்சொல்லை அவரையே தேர்ந்தெடுக்கவும் அவரையே தட்டச்சு செய்யவும் விட்டு, அவ்வேளையில் தம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்; பேரன் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று கற்றவர், அந்நியர் கேட்டால் சொல்லமாட்டார்.